ஓசி சிமெண்டும் ராயபுரத்துச் சுவரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் போனேன். துறைமுகக் கூலிகள் ஒரு காலத்தில் நடத்திய படிப்பகம் அங்கே இருக்கிறது. சரக்கு இறக்கிய கப்பல்களின் பெயர்களைச் சுண்ணாம்புச் சுவரில் தாரால் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நண்பர் சொன்னதிலிருந்து மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கோட்டை பார்க்க ஆயிரம் பேர் போகிறார்கள், கூலிக்காரன் கையெழுத்தை யார் பார்ப்பது?

கடற்கரை நிலையத்தில் காலை ஒன்பதுக்குக் கும்மிடிப்பூண்டி வண்டி, டிக்கெட் ஐந்து ரூபாய், அடுத்த நிலையமே ராயபுரம். வெயிலுக்குப் பயந்து ஒரு கிலோமீட்டருக்கு ஆட்டோ ஏறினேன், அறுபது ரூபாய். "அங்க இன்னா கீதுன்னு போற? செவுருதான் கொட்டிகினு கீது" என்றார் ஓட்டுநர். வழக்கமான நக்கல் என்று நினைத்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை.

ஒரு சிறு அறக்கட்டளைதான் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறது. அறங்காவலர்கள் மூவர், யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிறுதோறும் அவர்களே கதவைத் திறந்து சுற்றிக் காட்டுகிறார்கள். ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர் ஏழுமலை, வங்கி ஊழியர் பிரகாசம், வண்ணாரப்பேட்டையில் கயிற்றுக்கடை வைத்திருக்கும் மெஹருன்னிசா. எது செய்வதானாலும் மூன்று பேரும் கை தூக்க வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: ஏரியாக்காரர் எதைக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. அதுதான் வினையாகிவிட்டது. உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் சிமெண்ட் மூட்டைகளை இறக்கியிருக்கிறார்.

"ஆசையா குடுக்கறான் நைனா, வாணாம்னா மூஞ்சில அடிச்ச மாதிரி. உப்புக்காத்துல மூட்டை கட்டியாப் பூடும்னு அவசரமா வெளிப்பக்கம் பூசிட்டோம்" என்றார் ஏழுமலை.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் ஆகாது. வெளியே போக வழியில்லாத ஈரமும் உப்பும் உள்பக்கமாகக் கிளம்பி, எழுத்தோடு சேர்த்துப் பூச்சைத் தள்ளிவிட்டன. அடப்பாவமே, நல்லது செய்யப் போய்! சுவரே சாயலாம், அறையை மூடிச் சுவரை இடித்து இறக்கிவிடுங்கள் என்று பொறியாளர் சொல்லிவிட்டாராம். இருவர் கை தூக்கிவிட்டார்கள். மெஹருன்னிசா மட்டும் தூக்கவில்லை, அதனால் அறை இன்னும் திறந்திருந்தது. மிச்சமிருந்த நான்கைந்து வரிகளில் ஒன்று அவருடைய அத்தா, அதாவது அப்பா, எழுதியது.

"தோ, இதான்" என்று காட்டினார். ஒரு கப்பலின் பெயர், பக்கத்தில் கோணலாக ஒரு நங்கூரம். சுவருக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்கச் சொன்னார். கைபேசியில் எடுக்கும் படம் தெளிவாக வரவேண்டுமே என்று நான் கயிற்றைத் தாண்டிக் குனிந்தேன். மேலேயிருந்து ஒரு பாளம் பெயர்ந்து தோளில் விழுந்தது. பெரிய காயமில்லை, சட்டைதான் கிழிந்தது.

மெஹருன்னிசா என்னைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு அத்தாவின் வரியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே கையைத் தூக்கினார்.

"உன் தலைல வுழுந்திருந்தா இன்னா பதில் சொல்வேன்? இறக்கிடலாம்."

பிரகாசம் என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: போகாதீர்கள், அறை மூடியாயிற்று. உங்கள் ஊரில் சுண்ணாம்புக் கட்டடம் இருந்தால், யார் ஓசியில் கொடுத்தாலும் சிமெண்ட் பூச விடாதீர்கள். கயிறு கட்டியிருந்தால் தாண்டாதீர்கள். நான் தாண்டாமலிருந்தால் அந்தச் சுவர் இன்னும் சில வாரம் நின்றிருக்கும்.

படம் தெளிவாகவே வந்திருக்கிறது. மெஹருன்னிசாவுக்கு அனுப்ப எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.