காப்பு கழன்ற நாள்

என் மகள் மீனாவின் கால் காப்பு இறுக்கியதுதான் முதல் அறிகுறி. அறுபதுகளின் கடைசி, அவளுக்கு ஒன்றரை வயது. காரைக்குடியில் பொன்வேலை செய்கிறவன் நான். அவளுடைய ஆண்டு நிறைவுக்கு நானே அடித்துப் போட்ட வெள்ளிக் காப்பு அது.

"பிள்ளைக்குக் காப்பு இறுக்குது. கொஞ்சம் விரிச்சு விடுறீகளா?" என்றாள் என் மனைவி சிவகாமி.

"குட்டிக் கழுதை சதை போடுது!" என்று சிரித்துக்கொண்டே விரித்துவிட்டேன். பத்து நாளில் மறுபடியும் விரித்தேன். குன்றிமணி எடைக்கும் என் கண் பிசகாது என்று எனக்குப் பெருமை உண்டு. அந்தக் கண்ணுக்குத்தான் அவளுடைய குச்சிக் கைகள் தெரியவில்லை. முடி செம்பட்டையானது வெயிலால் என்று நினைத்தேன். பட்டறையில் நெருப்பூத நான் ஊதுகுழலை எடுத்தாலே சிரிக்கிறவள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அழுவதையும்தான். சமத்தாகிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மூன்றாம் முறை இறுக்கியபோது ஒரு காப்பைக் கழற்றினேன். தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா மீனாவின் புறங்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"இது சதை இல்லை, நீர்," என்றார். புரதக் குறை நோய் (பால், பருப்பு, முட்டையில் உள்ள சத்து போதாமல் உடம்பில் நீர் கோத்துக்கொள்வது). "தாய்ப்பாலை எப்ப நிறுத்தினீங்க?"

சிவகாமி என்னைப் பார்த்தாள். அவள் மறுபடி உண்டாகியிருந்தாள். பிள்ளைத்தாச்சி பால் ஆகாது என்று நிறுத்தச் சொன்னவன் நான். பிறகு மீனாவுக்குக் கஞ்சித் தண்ணீர்தான். நடுவில் வயிற்றுப்போக்கு வந்தது. வயிறு காயட்டும் என்று அந்தக் கஞ்சியையும் குறைத்தோம். சவலை (அடுத்த பிள்ளை உண்டானதால் பால் இழந்து நலிந்த குழந்தை) என்ற சொல் எனக்கும் தெரியும். அது என் வீட்டிலேயே இருந்தது தெரியவில்லை.

"பால் கெட்டுப்போகாதுங்க. கொடுத்திருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. திட்டியிருந்தால் தேவலை.

அவர் சொன்னபடி, தோல் உரியாமலிருக்க மற்றக் காலின் காப்பைக் கழற்றாமல் இன்னும் விரித்துவிட்டேன். சர்க்கரை கலந்த பாலை இரண்டு மணிக்கொரு தரம் கரண்டியில் புகட்டினோம்.

ஏழாம் நாள் அந்தக் காப்பு தானாகக் கழன்று கட்டிலுக்கடியில் உருண்டது. மீனா எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்.

"பிள்ளை கரையுதுங்க! வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்," என்று சிவகாமி அலறினாள். நானும் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டேன்.

"வடிஞ்சது நீர்தாம்மா. இதுதான் உங்க பிள்ளையோட அசல் எடை. இனிமே ஏறுறதுதான் சதை," என்று டாக்டரம்மா வழிமறித்தார்.

அன்று மத்தியானம் மீனா அழுதாள். கரண்டி வரத் தாமதமானதற்காக, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்தபின் கேழ்வரகும் வறுத்த கடலையும் வெல்லமும் இடித்துக் கொடுத்தோம். தம்பி பிறந்தபோது அவள் ஊதுகுழலைப் பிடுங்க ஓடிவருகிறவளாகியிருந்தாள்.

பிள்ளை வீங்கினால் பூரித்ததாக நினைக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இன்றும் காப்புக்கு அளவெடுக்க வரும் குழந்தையின் காலில் முதலில் கட்டைவிரலை அழுத்துகிறேன். சதை எழும்பிவர ஒரு நொடிதான் ஆகும். அதுவரை எனக்கு மூச்சு வருவதில்லை.

"என்ன ஆசாரி பாக்குறீக?" என்று தாய்மார்கள் கேட்பார்கள்.

"அளவு பாக்குறேன் தாயி," என்பேன்.