கணுக்காலிலிருந்து பாதம் வரை

பல வருடம் தவளைத் தொடைகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். நரம்பு சொல்வதைத் தசை எப்படிக் கேட்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அம்மாவுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அவர் சொந்தக்காரர்களிடம் சொல்வதோ, "தவளைக்கு வைத்தியம் பாக்குது எம்பொண்ணு" என்றுதான்.

தவளையை விட்டு நான் மனிதர்களிடம் வந்ததற்கும் அம்மாதான் காரணம். சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் மருந்தடித்தவர். புல்லைச் சாகடிக்கும் மருந்தை முதுகில் சுமந்து, கால் நனைய நனைய நாளெல்லாம் நடந்தவர். நாங்கள் தோட்டத்தை விட்டு, ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் அம்மா மாடிப்படி இறங்கினால் என் கண் அவர் கால் மேல்தான் இருக்கும். அந்த மருந்து நரம்பைத் தின்றிருக்குமோ என்று பயம். அம்மாவிடம் நேராகக் கேட்கத் தைரியமில்லாமல் அதை ஆராய்ச்சியாக்கிக்கொண்டேன்.

அம்மாவோடு மருந்தடித்த பெண்களை ஈப்போவிலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தேன். போன் போட்டு ஆள் சேர்த்ததும் அம்மாதான். கணுக்காலில் சின்னதாக ஒரு மின்துடிப்பு கொடுத்தால் பாதத்துத் தசை துள்ளும். திரையில் ஒரு மேடு எழும். அது எவ்வளவு தாமதமாக எழுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. கடையிலும் ஆபீசிலும் வேலை பார்த்த டவுன் பெண்களையும் அதேபோல் பார்த்தோம்.

மருந்தடித்தவர்களுக்கு மேடு தாமதமாக எழுந்தது. வந்த அத்தனை பேருக்கும்.

மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை காலத்தில் கிடைத்த முதல் பெரிய முடிவு. துறைத்தலைவர் கைகுலுக்கினார், கட்டுரையைப் பாதி எழுதிவிட்டேன். வீட்டுக்குப் போய் வாசலில் அம்மாவின் சிலிப்பரைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. அம்மாவை மட்டும் நான் பரிசோதனைக்கு அழைக்கவே இல்லை. சொந்தக்காரரைச் சேர்க்க ரூல்ஸ் இல்லை என்று அவரிடம் சமாளித்தேன்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. மேடு தாமதமாக வந்தாலும் நல்ல உயரமாக இருந்தது. கெட்டுப்போன நரம்பென்றால் குட்டையாக இருக்க வேண்டும். குளிர்ந்துபோன நரம்புதான் இப்படிச் செய்யும். ஆனால் பதிவு மேசையிலேயே ஒவ்வொருவர் பாதத்தின் சூட்டையும் அளந்து எழுதியிருந்தோம். எல்லாம் சரியாக இருந்தது. அதனால் உறுத்தலை ஓரமாக ஒதுக்கினேன்.

ஒரு நாள் காலை, பதிவு முடிந்த ஒருவரை, தோட்டத்தில் நான் சின்னம்மா என்று கூப்பிட்டுப் பழகியவரை, அறைக்குள் காணோம். தேடிப் போனால், சுரா என்கிற தொழுகை அறைக்குப் பக்கத்தில், தொழப் போகிறவர்கள் கால் கழுவும் குழாயடியில், பஞ்சாபி சூட்டின் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சின்னம்மா இது?"

"காலு கழுவுறேன் லா பாப்பா. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழுக்குக் காலோட போனா மருந்து குடுக்குற டிரெஸ்ஸர் என்னா திட்டு திட்டுவாரு, மறந்துட்டியா? உங்கம்மா வேற போன்ல சொல்லிருச்சு. எம்பொண்ணு தொடப்போற காலு, நல்லா கழுவிட்டுத்தான் உள்ள போவணும்னு."

"எல்லாருமா கழுவுனீங்க?"

"எல்லாருந்தான். கழுவிட்டு, சிலிப்பர கையில புடிச்சிக்கிட்டு வருவோம்."

மேசையில் பாதத்தின் சூட்டை அளந்த பிறகு பச்சைத் தண்ணீரில் கழுவி, ஈரக் காலோடு ஏர்கோன் போட்ட தரையில் நடந்து, அதே குளிரில் காத்திருந்திருக்கிறார்கள். டவுன் பெண்கள் கால் கழுவாமல், மாட்டிய சப்பாத்தோடு வந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரைத் திட்டுவது? பரிசோதனைக் கட்டில் பக்கத்தில் அளக்க வேண்டியதைப் பதிவு மேசையில் அளந்து முடித்தவள் நானே.

சின்னம்மாவின் காலை வெந்நீர் பேசினில் வைத்துத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மேடு நேரத்துக்கு எழுந்தது. எல்லாரையும் திரும்ப வரவழைத்தேன், எல்லாருக்கும் அப்படித்தான். மருந்து அவர்கள் நுரையீரலையும் கண்ணையும் என்ன செய்தது என்பதை வேறு யாராவது பார்க்க வேண்டும். கால் நரம்பு நன்றாக இருந்தது. கட்டுரையைக் குப்பையில் போட்டேன். துறைத்தலைவரின் முகம் ஒரு வாரம் சரியாகவில்லை. எனக்கோ பாட்டுப் பாடத் தோன்றியது.

அந்த வாரமே அம்மாவைக் கூட்டிப்போனேன்.

"ரூல்ஸ் என்னாச்சு?"

"ஆராய்ச்சியே போச்சும்மா, இனிமே என்னா ரூல்ஸ்?"

நான் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் அம்மா குழாயடியில் நின்று இரண்டு காலையும் கழுவி முடித்திருந்தார். அந்தக் கால்களை வெந்நீரில் வைத்து நானே பிடித்துக்கொண்டேன். பிறகு பொத்தானை அழுத்தினேன். திரையில் மேடு எழுந்தது, துளிகூடத் தாமதமில்லாமல். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னாச்சு, சரியா வல்லியா?"

"நல்லா வந்துருக்கும்மா."

"பாத்தியா," என்றார் அம்மா. "கழுவிட்டு வந்தேன்ல."