செவலையின் கடைவாய்ப் பல்

அந்தத் தாடைத் துண்டை நான் முதலில் பார்த்தது எங்கள் சமையல் மேடையில், தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். உள்ளங்கை நீளம். கறுத்துக் கல்லாகிவிட்ட எலும்பு, அதில் மழுங்கத் தேய்ந்த மூன்று பற்கள். "கருமம், இதை வைக்க வேற எடம் கெடைக்கலையா?" என்று கத்தினேன். என் நாத்தனார் காதிலேயே வாங்கவில்லை. "அண்ணி, இது எந்தக் காலத்துல புல்லு மேஞ்ச வாயோ!" என்றாள். அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்துவிட்டு மாவுப் பாத்திரத்தை நான்தான் நகர்த்தி வைத்தேன்.

ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்க்காகத் தென்பெண்ணைக் கரையில் பள்ளம் வெட்டியிருந்தார்கள். அந்தச் சரளை மண்ணில் அவள் கண்டெடுத்தது. தனியார் கல்லூரியில் தற்காலிக வேலை, கூடவே பழங்கால விலங்கு எலும்புகளைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி என்று அவள் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. நெறியாளராக இருந்த பேராசிரியர் துண்டைப் பார்த்துவிட்டு, "மாட்டுக் கடைவாய்ப் பல்லென்றால் நடுவில் சின்னத் தூண் மாதிரி ஒன்று தெரியணும். இதில் இல்லை. ஏதோ பெரிய மான் வகை. அப்படியே எழுதி முடி" என்று சொல்லிவிட்டார். இவளுக்கு மனசு ஒப்பவில்லை. கிழட்டு மாடாக இருந்தால் அந்தத் தூணும் தேய்ந்து போயிருக்கும் என்றாள். நிரூபிக்காமல் மாடு என்று எழுதினால் ஆய்வேடு திரும்பி வந்துவிடும், பட்டமும் தள்ளிப்போகும்.

நிரூபிப்பதற்கு, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் பல் தேய்ந்த கிழட்டு மாட்டின் தாடை வேண்டும். கறிக்கடை பாயிடம் கேட்டு வாங்கி வந்த தலைகளை என் பழைய குண்டானில் வேகவைத்தாள். வீடே நாறியது. எல்லாம் நல்ல பல் உள்ள மாடுகள். பல் தேயும்வரை எவன் மாட்டை வைத்துத் தீனி போடுவான்?

என் மாமனார் போட்டார். எருது விடும் விழாக்களில் ஊர் ஊராக ஓடி ஜெயித்த எங்கள் செவலைக் காளையை அவர் விற்கவே இல்லை. வைக்கோல் மெல்ல முடியாமல் போனபோது ராகிக் கூழ் கரைத்து ஊற்றினோம். கரைத்தது நான்தான். செத்ததும் மஞ்சள் பூசி, புது வேட்டி போர்த்தி மாந்தோப்பில் புதைத்தோம். மாட்டுப் பொங்கலுக்கு அங்கே விளக்கு வைக்காமல் மாமனார் சாப்பிட மாட்டார்.

நாத்தனார் நேராக அவரிடமே போய் நின்றாள். "அப்பா, செவலையோட தாடைய நான் ஒரு தடவை பாக்கணும்."

என் வீட்டுக்காரர் குதித்தார். "சாமியாக் கும்புடற எடத்தைத் தோண்டறதுக்கா உன்னப் படிக்க வெச்சோம்?"

அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. கல்லாகிப்போன அந்தத் தாடைத் துண்டைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தாள். மாமனார் அந்தப் பற்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "எங்கயாச்சும் எடுத்துட்டுப் போயிடுவியா?"

"போமாட்டேன்ப்பா. பாத்துட்டு அதே எடத்துல வெச்சிடறேன்."

"அவன் நமக்காவ எவ்வளவோ ஓடினான். நீ ஜெயிக்கறதுக்குப் பல்லைக் காட்டினா ஒண்ணும் கொறஞ்சுட மாட்டான்" என்று எழுந்து கடப்பாரையை எடுத்தார்.

கற்பூரம் ஏற்றிவிட்டு அவரே தோண்டினார். செவலையின் தாடையைக் கழுவி வெயிலில் வைத்தோம். அதே தேய்மானம், அதே மழுங்கல். தூண் இருந்த சுவடே இல்லை. கம்பெனியில் உதிரிபாகங்களுக்கு அளவு பார்ப்பதுதான் என் வேலை. வெர்னியர் அளவுகோலைப் பிடித்து அளவு சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். படம் எடுத்தாள், பிளாஸ்டரில் அச்சு எடுத்தாள். சாயங்காலத்துக்குள் தாடை மண்ணுக்குள் போய்விட்டது. பேராசிரியர் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மாடு என்றே எழுது. வாய்மொழித் தேர்வில் நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பதால் அந்தத் தேர்வுக்குக் குடும்பத்தோடு போனோம். மாமனார் தலைப்பாகையோடு முன் வரிசையில் உட்கார்ந்தார். வெளி மாநிலத்திலிருந்து வந்த தேர்வாளர் ஆங்கிலத்தில் குடைந்து குடைந்து கேட்டார், அவள் அசரவில்லை. கடைசியில், அச்சு மட்டும் போதாது, ஒப்பிட்ட அந்தக் கிழட்டு மாட்டின் அசல் தாடை எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வேண்டுமென்றால் பார்க்க முடியுமா என்றார். இவ்வளவும் இதிலே போய்விடுமோ?

நாத்தனார் தயங்கவில்லை. "எங்கள் தோப்பில் இருக்கிறது. அப்பாவிடம்தான் அனுமதி கேட்கணும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, திரும்பி, எல்லார் முன்னாலும் தமிழில் கேட்டாள். "அப்பா, செவலைய சார் பாக்கணுமாம். காட்டலாமா?"

மாமனார் துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு எழுந்தார். "தாராளமா வரச் சொல்லும்மா. எத்தினி பேரு வந்தாலும் நானே தோண்டிக் காட்டறேன்."

அவள் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, என் மாமனாரைப் பார்த்துக் கைகூப்பினார். முதலில் கை தட்டியது என் வீட்டுக்காரர்.