வாய் தெரியணும் என்று எழுதிய அக்கா

அன்று செவ்வாய்க்கிழமை. மூன்றாம் பாடவேளையில் பாடசாலை அதிபர் வகுப்பு வாசலில் வந்து நின்று, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேரையும் வெளியே அழைத்தார். கொழுந்து பறிக்கும் மலையில் குளவிக் கூடு கலைந்துவிட்டது என்றார். குளவி கொட்டிய சுகந்தி அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார் என்றார். நான் அவரிடம், "இல்ல சேர், அவங்களுக்கு அடுத்த மாசம் சோதனை இருக்கு" என்றேன். அது ஏன் என் வாயில் வந்தது என்று இன்னும் தெரியவில்லை. பரீட்சை எழுத இருக்கிறவர்கள் இறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன் போல.

நேற்றுக் கருமாதியும் முடிந்துவிட்டது. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது அவர் குடியிருந்த காம்பராவின் முன்னால் என் கால் தானாக நிற்கிறது.

அக்காவுக்கு இருபத்துமூன்று வயது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே, மூன்று காம்பரா தள்ளித் தன் அம்மாவோடு இருந்தார். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டன. பேச்சு மட்டும் போகவில்லை. நாம் பேசுவதை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். ஆசிரியர்கள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசியதால் பாதிப் பாடம் அவருக்குக் கிடைக்காமல் போனது. ஒன்பதாம் தரத்தோடு நின்று கொழுந்து பறிக்கப் போனார். இந்த வருடம்தான் தனியார் பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சை எழுத விண்ணப்பித்தார். பாடங்களைப் போனில் காணொளியாகப் பார்த்துவந்தார். "சேரோட வாய் ஒரு அரிசி அளவுதான் தெரியுது. அரிசியப் பாத்து எப்புடிக் கணக்குப் படிக்கிறது?" என்று ஒருநாள் கேட்டார். மடிக்கணினி வாங்கும் யோசனை அப்படித்தான் வந்தது.

எதை வாங்குவது என்று தேடிப் படிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். இரண்டு வாரம் வாசித்துக் கொப்பியில் ஏழு பக்கம் எழுதினேன். உயர்தரக் காணொளி தடங்கலில்லாமல் ஓடத் தனி கிராபிக்ஸ் அட்டை கட்டாயம் வேண்டும் என்று எழுதி, அதன் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். எனக்கு அவ்வளவு நிச்சயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனோம். கடைக்கார அண்ணன் என் கொப்பியைப் பார்த்து மகிழ்ந்து, தனி அட்டை உள்ள பெரிய லெப்டொப் ஒன்றை எடுத்து வைத்தார். அக்கா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். சனிக்கிழமைகளில் நோர்வூட் நூலகத்துக்கும் கொண்டுபோக வேண்டுமே, கொழுந்து சுமந்த தோளில் இதையுமா என்று என்னிடம் கேட்டார். ஓடவிட்டு, அடியில் உள்ளங்கையை வைத்தார். விசிறியின் இரைச்சல் அவருக்குக் கேட்காது, சூடு தெரிந்தது. "இதுல சோறு ஆக்கலாம்" என்றார்.

பிறகு ஓரத்தில் இருந்த சின்ன லெப்டொப்பைக் காட்டினார். கிராபிக்ஸ் தனியாக இல்லாமல் புரொசசருக்குள்ளேயே இருக்கும் வகை அது. பென் டிரைவில் கொண்டுபோன கணக்குப் பாடத்தை ஓடவிடச் சொன்னார். பலமுறை பார்த்து அவருக்கு மனப்பாடமான பாடம். படம் பளிச்சென்று இருந்தது. எனக்கும் அண்ணனுக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. அக்கா மட்டும் தலையை ஆட்டினார்.

"வாய் மூடல."

"எந்த வாய்ங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"சேர் 'பத்து'ன்னு சொல்றாரு. அதுக்கு ரெண்டு ஒதடும் ஒட்டணும். இதுல ஒட்டவே இல்ல. நடுவுல எங்கயோ விட்டுட்டு ஓடுது."

தனி அட்டை இல்லாததுதான் காரணம் என்று நான் பெருமையோடு சொன்னேன். அண்ணன் எதையோ திறந்து பார்த்துவிட்டுத் தன் தலையில் தட்டிக்கொண்டார். உள்ளே இருக்கும் கிராபிக்ஸை இயக்கும் டிரைவரைப் போட அவர் மறந்திருந்தார். அதனால் காணொளியின் சுமை முழுவதும் புரொசசர் மேல் விழுந்து, இடையிடையே படங்கள் விடுபட்டிருக்கின்றன. டிரைவரைப் போட்டு மறுபடி ஓடவிட்டார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், உதடு ஒட்டும் ஒவ்வொரு தடவையும் மேசையை விரலால் தட்டினார். ஒரு இடமும் விடுபடவில்லை.

"தங்கச்சி, கொழுந்து பறிச்சது போதும், இங்க வந்து லெப்டொப் பாருங்க" என்றார் அண்ணன்.

"மொதல்ல மீசைய எடுங்க. அப்பத்தான் நீங்க திட்டுறது எனக்குத் தெரியும்" என்றார் அக்கா.

அந்தச் சின்னதையே வாங்கினோம். திரும்பும் பஸ்ஸில் அக்கா என் கொப்பியை எடுத்து, நான் கோடு போட்டிருந்த வரியை அடித்துவிட்டு, கீழே 'வாய் தெரியணும்' என்று எழுதினார்.

ஞாயிறு பின்னேரங்களில் அந்தச் சின்னத் திரையின் முன்னால் இருவரும் உட்காருவோம். ஒருநாள் ஆசிரியர் கழித்தலுக்குரிய சய என்று சொல்லிவிட்டு, கூட்டலுக்குரிய சக அடையாளம் போட்டார். காது கேட்கும் நான் அதைக் கவனிக்காமல் எழுதிக்கொண்டேன். அக்கா நிறுத்தினார். "வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு எழுதுது. நீ மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்குற" என்றார்.

சாவு வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "காது கேட்டிருந்தா ஓடியிருப்பா, பாவம்." மற்றவர்கள் குளவி, குளவி என்று கத்தியது அவருக்குக் கேட்கவில்லையாம். நானும் நம்பினேன். அவருக்குக் கேட்காத அந்தக் கத்தல் மூன்று நாள் என் தலைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான்காம் நாள் பாக்கியம் பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். அக்காவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர். முகம் வீங்கியிருந்தது, குரல் வெறும் காற்றாக வந்தது. பேச வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தார்கள். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் எதிரில் உட்கார்ந்து, அக்கா பார்ப்பதைப் போல அந்த முகத்தைப் பார்த்தேன்.

"அவதான் மொதல்ல பாத்தா. நாங்க கத்துறதுக்கு முன்னாடியே கீழ எறங்கிட்டா. ரோட்டுக்கே போயிட்டா. நான் விழுந்ததத் திரும்பிப் பாத்துட்டு மேல ஏறி வந்தா புள்ள. இடுப்புல கட்டியிருந்த படங்குத் துணிய அவுத்து எம்மேல போத்துனா."

அவர் உதடு நிற்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

லெப்டொப்பை அக்காவின் அம்மா ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறார். அதை நான் கேட்கவில்லை. அக்கா எழுதிய அந்தக் கொப்பிப் பக்கம் என்னிடம் இருக்கிறது. பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கும் பழக்கமும் இனி என்னிடம் இருக்கும்.

அக்காவை அறிந்தவர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காது கேட்டிருந்தால் தப்பித்திருப்பார் என்று இனிமேல் சொல்லாதீர்கள். அவர் தப்பித்துவிட்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். பார்த்ததால்தான் ஏறி வந்தார்.