ஒனோரேயின் சுண்டுவிரல்

வெர்சாய் அரண்மனைக் கோயிலில் செல்லோ என்ற பெரிய வயலினை வாசித்த ஒனோரே தவெர்னோவுக்குப் புகழ் வந்ததே ஒரு குறையால்தான். இளம் வயதில் வண்டிக் கதவில் நசுங்கிய இடது சுண்டுவிரல் சரியாக மடங்காது. கடைசிச் சுரத்துக்கு அது போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்தத் தயக்கத்தில் அரசவைச் சீமாட்டிகள் உருகிப்போனார்கள். "செத்தவங்க மூச்சு விடுற மாதிரி இருக்கு" என்றாளாம் ஒருத்தி. அப்புறம் கேட்க வேண்டுமா? விரல் நன்றாக இருந்தவர்கள்கூடப் பாரிஸ் முழுக்கக் கடைசிச் சுரத்துக்கு முன்னால் நொண்ட ஆரம்பித்தார்கள். ஒனோரேவுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் 'இது தவெர்னோ' என்பார்கள். அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார் மன்னர். முதலாமவர் கண்ணை மூடும்வரை இரண்டாமவர் காத்திருக்க வேண்டும். ஒனோரேயின் இடத்துக்குக் காத்திருந்தவர் நாற்பது வயது ஆர்துவான். பல வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, நான் இன்னும் சாகலையேன்னு இருக்கா?" என்று சீண்டுவார் ஒனோரே.

"அவசரமில்லைங்க, மெதுவா போங்க" என்பார் ஆர்துவான்.

ஒரு குளிர்காலத்தில் ஒனோரே காய்ச்சலில் விழுந்தார். பாதிரியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் கடைசி எண்ணெயும் பூசிவிட்டுப் போனார். அரண்மனைக்கு அது போதும். ஆர்துவானை ஒனோரேயின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் ஒனோரே பிழைத்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்து கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தபோது சுண்டுவிரல் அழகாக மடங்கியது. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

நடக்கத் தெம்பு வந்த அன்று கோயிலுக்குப் போனார். வாசல் காவலாள் வழி மறித்தான்.

"யாருங்க நீங்க?"

"விளையாடாதே. தவெர்னோடா."

அவன் முகம் வெளுத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். "தவெர்னோ ஐயா மேலே வாசிச்சிட்டிருக்காருங்க. காதுல விழலையா?"

விழுந்தது. அதே தயக்கம். நடித்துக் காட்டும் தயக்கம் இல்லை, அவருடையதேதான். காவலாளைத் தள்ளிக்கொண்டு மாடத்துக்கு ஏறினார். பூசை முடிந்து ஆர்துவான் செல்லோ வில்லைக் கீழே வைத்தார். அவருடைய இடது சுண்டுவிரல் குச்சி போல நீட்டிக்கொண்டு நின்றது.

"மடங்க மாட்டேங்குதுங்க" என்றார். "உங்களுக்கு எண்ணெய் பூசின நாள்லேருந்து இப்படித்தான். எங்கேயும் அடிபடலைங்க. எடுத்துக்கோங்க, எனக்கு வேண்டாம்!"

எப்படி எடுத்துக்கொள்வது? ஒனோரே வீட்டுக்கு ஓடினார். மனைவி பெரீன் சந்தைக்குப் போயிருந்தாள். தன் செல்லோவை எடுத்து வாசித்தார். விரல் தடையில்லாமல் கடைசிச் சுரத்தில் போய் உட்கார்ந்தது. வேண்டுமென்றே நிறுத்தி வாசித்தார். அது பாரிஸ்காரர்கள் வாசிப்பது போலப் போலியாக ஒலித்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பத் திரும்ப வாசித்தார்.

மாடிப்படியில் பெரீனின் காலடி கேட்டது. பாதியில் நின்றது.

"யாரு உள்ளே? அதைக் கீழே வைங்க. அது என் வீட்டுக்காரரோடது. அவரு கோயில்ல வாசிக்கப் போயிருக்காரு."

"நான்தான் பெரீன்."

 அந்தக் காலடி அவசர அவசரமாகப் படியிறங்கிப் போயிற்று.