வேரோடு ஒட்டிய மண்

பில்டரில் காபித் தூளைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஜன்னல் வழியே அந்தக் குழி கண்ணில் பட்டது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், கறிவேப்பிலை மரத்தடியில் புதிதாகத் தோண்டிய குழி. யார் வேலை என்று உடனே புரிந்தது.

கேட்டு வாங்கிய செடி துளிர்க்காது, சொல்லாமல் எடுத்துப்போனால்தான் பிடிக்கும் என்பது எங்கள் குடும்பத்துப் பெண்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. பெற்ற தாயிடமே திருடலாம். தன் அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு வந்த என் மகள், ஊருக்குக் கிளம்பும் நாளில் அதைத்தான் செய்திருந்தாள். மரம் அவர் வைத்தது.

அவள் வேலை பார்ப்பது அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவில். கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. அப்போது ஊரே கொல்லைக் கீரையையும் பப்பாளியையும் வைத்துத்தான் சமாளிக்கிறது. இதைச் சொன்னவளே அவள்தான். எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்துக் கொல்லையிலோ மழை பெய்தால் ஆப்பிரிக்க நத்தைகளின் ராஜ்ஜியம். கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு, பொறுக்கிப் பொறுக்கி உப்பு வாளியில் போட்டு என் இடுப்பே போய்விட்டது. கீரைப் பாத்தியை முடித்துவிட்டுச் சுவரின் சுண்ணாம்பையும் நக்குகிற சனியன்கள். "உன் நத்தை ஆர்மி எங்க தீவுல கிடையாதும்மா" என்று போனில் சிரிப்பாள்.

கார் வாசலில் வந்து நின்றது.

"பையைத் திற."

"எதுக்கு?"

"திறடி."

ஊறுகாய் பாட்டிலுக்கும் பருப்புப்பொடிக்கும் நடுவே, ஈரத்துணியில் சுற்றிய கன்று. வேரைச் சுற்றி உருண்டையாக மண்.

"ப்ளீஸ்மா. ஒரே ஒரு செடி. அப்பா வச்சது. செக்கிங்ல கேட்டா நான் பாத்துக்கறேன்."

"அவங்க விட்டாலும் நான் விடமாட்டேன்."

டிரைவர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "மேடம், லேட்டாகுது. குரோம்பேட்டை டிராஃபிக்ல மாட்டினா ஃபிளைட் போய்டும்."

கன்றைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். மண் கரைந்து சேறாக ஓடியது. ஒன்றுமே இல்லை. நான்தான் அநியாயம் செய்கிறேனோ என்று பதறிப்போனேன். பிறகு வேருக்கு நடுவிலிருந்து ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. ஜவ்வரிசி போல, வெளிறிய மஞ்சளில், நத்தை முட்டைகள்.

அவளும் பார்த்தாள். பிடி தளர்ந்தது.

"கழுவியாச்சேம்மா. இப்ப எடுத்துட்டுப் போலாம்ல?" குரல் உடைந்திருந்தது.

வேரிடுக்கில் இன்னும் என்ன இருக்கிறதோ, இலையடியில் எந்தப் பூச்சி ஒட்டியிருக்கிறதோ, யார் கண்டது? எனக்கும் கொடுத்தனுப்ப ஆசைதான். அவர் வைத்த மரம் கடலுக்கு நடுவிலும் தழைக்கட்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"வேண்டாம்" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள். 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் படி இறங்கியதில்லை. "போறேன்" என்றாள். கண்ணாடி ஏறிவிட்டது.

சேற்றுக் கையோடு நின்று, அந்தக் கண்ணாடியைப் பார்த்து, "போயிட்டு வா" என்று சொன்னேன்.