மூக்கில் நிற்காத கண்ணாடி

என் தொழிலில் கண்ணைவிட மூக்குதான் அதிகம் தொல்லை கொடுக்கும். மலேசியாவில், மலாக்கா பக்கம் புலாவ் செபாங் ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் வருவார்கள். வியர்வையில் வழுக்கும் கண்ணாடியை நாள் முழுக்க ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்கும் உங்களுக்கு என் பாடு பாதி தெரிந்திருக்கும்.

டாக்டர் யாழினி

யாழினிக்கு ஆறு வயது. லோரி ஓட்டும் அப்பா ரெம்பியாவிலிருந்து கூட்டி வந்தார். நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்றாள். சரி என்று நான் தரையில் சப்பணமிட்டேன். எதிரே அவளும் உட்கார்ந்தாள். கண்ணுக்குள் விளக்கடித்து ஒளி அசைவதைப் பார்த்தே பவரைக் கண்டுபிடித்துவிடலாம், பிள்ளை வாய் திறக்க வேண்டியதில்லை. ஆனால் விளக்கு என் கையில் இருக்க வேண்டுமே! அதைப் பிடுங்கி என் கண்ணில் அடித்து, "ம்ம்" என்று தலையாட்டினாள். அரை மணி நேரம் நான்தான் நோயாளி. பிறகு போனால் போகிறதென்று எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தாள். அது போதுமானதாக இருந்தது.

போகும்போது அவள் அப்பா கேட்டார்: "மிஸ், உங்க பவர் எவ்வளவுன்னு டாக்டர் சொல்லிட்டாங்களா?"

பிடிவாதக்காரன்

மேரி அக்காவுக்கு உம்பாயில் மீன் சுடும் கடையில் வேலை. மகன் ஜோசுவாவுக்கு எட்டு வயது. "சரியான பிடிவாதம் மிஸ். மாட்டிவிட்டா கழட்டி எறியறான்" என்றார்.

பழைய கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். உதடுவரை வழுக்கியது. ஏற்றினான், வழுக்கியது. மறுபடி ஏற்றினான். ஐந்தாவது தடவை எறிந்தான். நானாக இருந்தால் இரண்டாவதிலேயே எறிந்திருப்பேன். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மூக்குத் தண்டு தாழ்வாக இருக்கும். சாதாரண பிரேம் உட்கார இடமே இருக்காது. தாழ்ந்த மூக்குக்கென்று செய்த பிரேமை வரவழைத்து, காதுக்கு ஏற்றபடி கம்பியைக் குறைத்து, பின்னால் மெல்லிய பட்டையும் போட்டேன். ஜோசுவா தலையை ஆட்டினான், குனிந்தான், குதித்தான். கண்ணாடி அசையவில்லை. அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், அவர் கம்மலைத் தொட்டுச் சிரித்தான்.

மேரி அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இத்தனை நாளும் இந்தக் கையத்தானே மிஸ் அடிச்சேன்."



தாத்தா கண்ணாடி

பதின்மூன்று வயது கவிதாவுக்குப் பழைய கண்ணாடியோடு தூரப் பார்வை சரியாக இருந்தது. பக்கத்தில் இருப்பதுதான் மங்கல். மேலே தூரத்துக்கு, கீழே படிக்க என்று இரட்டைக் கண்ணாடி எழுதினேன். அவள் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "தாத்தா கண்ணாடி மாதிரி இருக்கு லா. எப்ப மேல பாக்கணும், எப்ப கீழ பாக்கணும்னு இவளுக்குத் தெரியுமா?" எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஒரு மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் மாற்றித் தருகிறேன் என்றேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார்கள். "நான் சொல்லியே தரல மிஸ், அவளே கத்துக்கிட்டா" என்றார் அண்ணன். கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டிய புத்தகத்தைக் கவிதா பக்கம் பக்கமாகக் காட்டினாள். பிறகு கிட்டே வந்து, முகவாயைத் தூக்கி, கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாக என்னை உற்றுப் பார்த்துக் கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள்: "ஆன்ட்டிக்கு மீசை இருக்கு லா!"

நன்றாகத் தெரியும்படி கண்ணாடி போட்டுவிட்டு, என்னைப் பார்க்காதே என்று சொல்ல முடியாததுதான் இந்தத் தொழிலில் உள்ள ஒரே சங்கடம்.